கறுக்காத வில்லை

— சார், கொஞ்சம் மெதுவா போங்க சார். எதிர்ல லாரி வருது.

— வரட்டும். நீ கெட்டியாப் பிடிச்சுண்டு மொதல்லேர்ந்து சொல்லு. அந்த வில்லையைச் சுரண்டிப் பார்த்தே, பொறி வரலே. அப்புறம்?

— அப்பறம் இன்னா சார், ராத்திரி பூரா கூரை மேல வெச்சேன். நம்ம கம்பெனி சரக்கா இருந்தா காலைல சாம்பலாட்டம் பூத்திருக்கும். இது வெச்சது வெச்சாப்ல பளபளன்னு கெடந்துச்சி. சரி, வெள்ளிதான்னு முடிவு கட்டிட்டேன்.

— வெள்ளி கறுக்காதுன்னு எவன்டா சொன்னான் உனக்கு? எங்காத்துல கொழந்தைக்குப் பால் புகட்டற வெள்ளிப் பாலாடையைப் பாரு. உடம்பெல்லாம் கறுத்துப் போறது, வாரா வாரம் புளி போட்டுத் தேய்க்கறா கோமளா. மூக்கு மட்டுந்தான் தேய்க்காமலே மின்னறது. கொழந்தை வாய் பட்டுப் பட்டு மின்னறதுங்கறா.

— எங்க ஊட்ல வெள்ளி ஏது சார், கறுக்குமா வெளுக்குமான்னு பாக்க? நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க. சேந்த அன்னிக்கே எங்கள எல்லாம் நிக்க வெச்சி, டேய், சுரண்டுனா பொறி பறக்கணும், வெளில வெச்சா கெட்டுப் போவணும், ரெண்டும் இல்லன்னா அது நம்ம சீரியம் இல்லன்னீங்க.

— நாம பண்ற லைட்டர் கல்லுக்குச் சொன்னதுடா அது! சீரியம் கட்டியையும் வேற இரும்புத் துண்டையும் ஒரே டின்ல போட்டுடறேளேன்னு சொன்னேன். கூரையிலேர்ந்து கீழே விழற சாமானையெல்லாம் வெள்ளியா தங்கமான்னு பாக்கறதுக்கா சொன்னேன்?

— கோச்சிக்காதீங்க சார். நானா வந்துதான சொன்னேன்? பம்பாய்லேர்ந்து சோதிக்க வந்தவரு கூரைப் பொட்டியத் தொறந்து, உள்ள காலின்னு கத்துனாரே, அப்பவே வந்து உங்க காதுல போட்டேன். மேஸ்திரி அரசப்பன் அண்ணன் வாயே தொறக்கல.

— அரசப்பன் ஏன் தொறப்பான்? ஆயுத பூஜை அன்னிக்கு அதைக் கழட்டச் சொன்னதே அவன்தானே.

— அந்தப் பொட்டி பண்ண பேஜாரு உங்களுக்குத் தெரியாது சார். நீங்க ஊட்டுக்குப் போயிட்டீங்க. மிஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சி, பூசணிக்காய்க்குக் குங்குமம் தடவி, சாம்பிராணி போட்டமா? அது மேலேர்ந்து ஊன்னு கூவ ஆரம்பிச்சிச்சி. நிறுத்தவே இல்ல. சாமி கும்புட வுடல. மேரியக்கா மயக்கம் போட்டு வுழுந்துச்சி. நல்ல நாளும் அதுவுமா சாவு ஊளை மாதிரி கூவுதே, கழட்டுடான்னாரு அண்ணன். ஏணி மேல ஏறிக் கழட்டுனேன். எண்ணெய்க் கை, வழுக்கிடிச்சி. தரைல வுழுந்து ஒடஞ்சி உள்ளேர்ந்து அந்த வில்ல உருண்டு வந்திச்சி. நாலணா சைசு இருக்கும். பொட்டிய ஒட்டி மறுபடி மாட்டிட்டம். அப்பறம் அது கூவல. எல்லாருக்கும் நிம்மதி.

— நிம்மதி! போன மழைக்காலத்துல கோடவுன்ல சீரியத் தூள் தானாப் பத்திண்டு எரிஞ்சதே, மறந்து போச்சா? அதுக்காகத்தான் முதலாளி ஜெர்மனிலேர்ந்து அதை வரவழைச்சார். புகை வந்தா கூவணும். அதுதான் அதோட வேலை. மேல மஞ்சக் காகிதம் ஒட்டியிருந்ததே, பார்க்கலியா நீ?

— பாத்தனே. மூணு எலை படம். ஃபேன் கம்பெனின்னு நெனச்சோம்.

— பெருமாளே.

— சார், திருவள்ளூருக்குப் புதுவாயல்ல திரும்பணும். நேரா போறீங்க.

— தெரியும்... சரி, இதோ திருப்பிட்டேன்.

— நான் வேணா ஓட்டட்டுமா?

— வேண்டாம். நீ என் வண்டியைத் தொட வேண்டாம். நீ தொட்டதெல்லாம் போறும்.

— சரி சார்.

— வில்லையை எடுத்துண்டு நேரா பத்தர்கிட்ட போனியா?

— மறுநா போனேன். பொன்னேரில எங்க தெருவுலதான இருக்காரு, குப்புராஜ் பத்தரு. உங்க பாலாடை செஞ்சாரே, அவருதான். எங்க ஊட்டுக்காரி முத்தம்மாளுக்குக் கண்ணுல பூ வுழுந்துடிச்சின்னு பொன்னேரி டாக்டர் சொன்னாருல்ல, அப்பவே அவ வேண்டிக்கினா. திருவள்ளூர் பெருமாளுக்கு ரெண்டு கண்ணு செஞ்சி போடறேன்னு. தகரத்துல செஞ்சது கோயில் வாசல்லயே விக்குது. அவ கேக்கல. பேருக்குக் கூட நான் அவளுக்கு வெள்ளில எதுவும் வாங்கிக் குடுத்ததில்ல சார். சாமிக்காவது வெள்ளில போடணும்னா. நான் எங்க போவேன்? அப்பதான் இது கால்ல வந்து உருளுது. பெருமாளே குடுத்தாருன்னு நெனச்சேன்.

— பெருமாள் குடுக்கலேடா. ஜெர்மன்காரன் குடுத்தான்.

— பத்தரு வாங்கிக்கினு, நாளைக்கு வான்னாரு. போனேன். அவரு சம்சாரம் ரெண்டு கண்ணு எடுத்துக் குடுத்தாங்க. அழகா இருந்துச்சி. இமை முடி கூட கோடு போட்டிருந்தாரு. நான் ஆணியால பின்னாடி 'மு'ன்னு கீறுனேன், சாமிக்கு யாருதுன்னு தெரியணும்ல. ஐப்பசி அமாவாசைக்குப் போனோம். குளத்துல வெல்லம் கரைச்சா. கண்ண எடுத்து அவ கண்ணு மேல ஒத்தி ஒத்தி எடுத்தா. அப்பறம் அண்டால போட்டா.

— கண்ணு மேல ஒத்தினாளா?

— ஆமா சார். ஏன்? இன்னா ஆவும்? சொல்லுங்க சார். மத்தியானத்துலேர்ந்து நீங்க அது இன்னா சாமான்னே சொல்லல. வெஷம்னீங்க, வண்டில ஏறுன்னீங்க, அவ்ளோதான். அவளுக்குக் கண்ணு போயிடுமா?

— போகாது. வரதா, போகாதுடா. கேட்டுக்கோ. சீரியம் எங்கேர்ந்து வர்றது?

— மணல்லேர்ந்துன்னு சொல்வீங்க. கன்யாகுமரிப் பக்கம்.

— ஆமா. மணவாளக்குறிச்சி மணல். பூமியில பொறந்தது. அரிய வகைன்னு பேரு, ஆனா ஒண்ணும் அவ்வளவு அரிதில்லே. நல்லதும் கெட்டதும் அதோட முகத்துலயே தெரியும். காத்து பட்டா கறுக்கும், உரசினா சீறும், ஈரம் பட்டா பொங்கும். அதான் மண்ணெண்ணெய்ல மூழ்க வெச்சுருக்கோம்.

— எங்க மாமியார் மாதிரி. கத்தும், கத்தி முடிச்சா அடங்கிடும்.

— அதேதான். இப்ப அந்த வில்லைக்குள்ள இருக்கறது அமெரிசியம். பூமில எங்கே தோண்டினாலும் கெடைக்காது. மனுஷன் அணு உலைல பண்ணினது. சீரியம் இருக்கே, தனிம அட்டவணைல அடியில ரெண்டு வரிசை தனியாப் போட்டிருக்கும், அதுல மேல் வரிசை. இது கீழ் வரிசை. பார்க்க ரெண்டும் வெள்ளைதான். ஆனா இதைத் தகட்டோட சேர்த்து அடிச்சு, மேல வேற உலோகம் மெல்லிசாப் பூசியிருப்பா. அதனால கறுக்காது, சீறாது, ஒண்ணும் பண்ணாது. சாதுவா உக்காந்துண்டு உள்ளேர்ந்து கதிர் விட்டுண்டே இருக்கும். நீ, நான், நம்ம பேரன் கொள்ளுப்பேரன் எல்லாரும் போன அப்புறமும் விட்டுண்டிருக்கும்.

— ஐயோ. அது கண்ணுல பட்டுச்சே சார்!

— அவசரப்படாதே. அந்தக் கதிர் ஒரு காகிதத்தைத் தாண்டாது. நம்ம தோலைத் தாண்டாது. அவ இமையை மூடிண்டுதானே ஒத்திண்டா?

— மூடிக்கினுதான். வேண்டிக்கும்போது யாரு கண்ணத் தொறப்பாங்க.

— அப்போ ஒண்ணும் இல்லே. வெளில இருந்தா அது பசு. உள்ளே போனாத்தான் புலி. அதை ராவி, சுரண்டி, அந்தத் தூள் மூச்சுலயோ வாயிலயோ போச்சுன்னா எலும்புல போய் உக்காந்துடும். அப்புறம் எறங்கவே எறங்காது. டாக்டர் கையில ஒண்ணும் இல்லே.

— வாயில எப்டி சார் போவும்? கண்ணு செஞ்சி அண்டாலதான கெடக்குது.

— நாளைக்கு தை அமாவாசை. ஊரே வரும், புதுசா வந்து கொட்டும். அதுக்கு முன்னாடி பழைய உருவையெல்லாம் அண்டாலேர்ந்து எடுத்து உருக்கக் குடுத்துடுவா. கண்ணு, கை, காலு எல்லாம் ஒரே உலையில. உருக்கினா புகை. அதுக்கப்புறம் அந்த வெள்ளி எங்கெங்கே போகுமோ. குங்குமச் சிமிழாப் போகும், கொழந்தை அரைஞாணாப் போகும். யார் வீட்டுல போய்ச் சேர்ந்ததுன்னு யார் கண்டா? அதை நெனச்சுத்தான் இப்படிப் பறக்கறேன். வேலை போறதைப் பத்தி இல்லே.

— வேலை எனக்குதான போவும்.

— எனக்கும் போகும். அந்தப் பெட்டி என் பொறுப்பு.

— சார்.

— சொல்லு.

— சாமிக்குக் குடுத்தத திரும்ப எடுக்கலாமா?

— என்னடா கேள்வி இது?

— இல்ல சார். அவளுக்கு இப்ப கொஞ்சம் தெளிஞ்சிருக்குது. முன்னெல்லாம் வாசல்ல யாரு நிக்கறாங்கன்னு கொரல வெச்சித்தான் சொல்வா. பொங்கலன்னிக்கு, இன்னா மாமா, சட்டைல பட்டன் இல்லயேன்னு கேட்டா. அன்னிக்கே போயி பட்டன் வாங்கியாந்தேன். இப்ப நான் போயி அந்தக் கண்ண அண்டாலேர்ந்து புடுங்கியாந்தேன்னு வெச்சுக்கோங்க, மறுபடி மூடிக்கிச்சின்னா? அவ மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்? உங்களுக்கு வேற பயம். எனக்கு வேற பயம்.

— வரதா, இதோ பாரு. நான் அசல் வெள்ளில ரெண்டு கண்ணு பண்ணி, என் கையால பெருமாள் முன்னாடி வெக்கறேன். முத்தம்மாள் பேர் சொல்லி வெக்கறேன். கடன் பாக்கி இல்லாமப் போயிடும். போறுமா?

— நீங்க சொன்னா சரி.

— பாலாடை பண்ணின வெள்ளி மாதிரி நல்ல வெள்ளி. எங்க தாத்தா சந்தியாவந்தனம் பண்ணின பஞ்சபாத்திரம்டா அது. உடைஞ்சு போச்சேன்னு உன்கிட்டக் குடுத்து விட்டேன். கொழந்தை வைதேஹியோட மொதல் தீபாவளிக்குப் பாலாடையா வந்து நின்னது. கோமளா அழுதுட்டா.

— பெரியபாளையம் வந்துடிச்சி சார். டீ?

— டீயாவது. வண்டி நின்னா எனக்கு மூச்சு நின்னுடும்.

*

— அத்திம்பேரே, என்ன இப்படி வேர்த்து விறுவிறுத்து? ஃபாக்டரி இல்லியா இன்னிக்கு?

— தேசிகா, அண்டாவைக் காலி பண்ணிட்டாளா?

— எந்த அண்டா?

— கண்ணு, காலு போடறதுடா. போயிடுத்தா?

— இன்னும் இல்லே. துணியில கொட்டித் தரம் பிரிச்சிண்டிருக்கேன். தகரம் ஒரு பக்கம், வெள்ளி ஒரு பக்கம். இப்போ வந்து ஆள் எடுத்துண்டு போயிடுவான். ஏன்?

— பெருமாள் காப்பாத்தினார். தேசிகா, இவன் வரதன், எங்க ஃபாக்டரில வேலை பாக்கறவன். இவன் ஐப்பசில ரெண்டு கண்ணு போட்டிருக்கான். அது வேணும் எனக்கு. வெள்ளி இல்லே அது, ஃபாக்டரி சாமான். ஆபத்தானது. நான் வேற பண்ணித் தரேன்.

— போட்டதை எடுக்கறதா? அதிகாரிட்ட ஒரு வார்த்தை...

— அப்புறம் சொல்லிக்கறேன். இப்ப தேடு.

— இதுல கண்ணு மட்டும் ஒரு படி இருக்கே. எதைன்னு தேடறது?

— சுலபம்டா. மத்ததெல்லாம் வெள்ளி, இத்தனை நாள்ல கறுத்திருக்கும். இது ஒண்ணுதான் புதுசு மாதிரி மின்னும். கையால தொடாதே. காகிதத்தால தள்ளிப் பாரு. வரதா, நீயும் உக்காரு.

— பின்னாடி 'மு' போட்டிருக்கும் சாமி.

— மின்னறதா எதுவும் கண்ணுல படலியே அத்திம்பேரே. எல்லாம் ஒரே கறுப்பா இருக்கு.

— நன்னாத் தேடு.

— தேடிண்டுதான் இருக்கேன். நீங்க போய்க் கொஞ்சம் உக்காருங்கோ. இல்லேன்னா ஆத்துக்குப் போய் கொழந்தையைப் பார்த்துட்டு வாங்கோ, நாலு வீடுதானே. காலம்பற போயிருந்தேன். வைதேஹிக்கு ஈறு தடிச்சுருக்கு, பல்லு வரப்போறது. அக்கா பாலாடையை எடுத்தா விட மாட்டேங்கறா. பால் தீர்ந்தாலும் மூக்கை வாயில போட்டு நறநறன்னு கடிச்சுண்டே இருக்கா. பிடுங்கினா ஊரைக் கூட்டறா.

— சரி சரி, அப்புறம் பாக்கறேன். அந்தக் குவியலைத் தள்ளு.

— சார்! இதோ சார். 'மு'. என் கையெழுத்துதான். ஜோடி இதோ, இதுலயும் 'மு'.

— தொடாதே, தொடாதே! காகிதத்துல வை. அப்பாடா. தேசிகா, ஒரு சொம்பு தீர்த்தம் குடுடா, நாக்கு ஒட்டிண்டுடுத்து. வரதா, நாம பொழைச்சோம். ஊர் பொழைச்சுது. எங்கே, வெளிச்சத்துல காட்டு.

— இந்தாங்க சார்.

— வரதா.

— சார்.

— கறுத்திருக்கே.

— அதான் சார் நானும் பாக்கறேன். செய்யச்சொல்ல பளபளன்னு இருந்துச்சி.

— கறுக்காம? தேய்ச்சுப் பார்த்துட்டேன் அத்திம்பேரே, அசல் வெள்ளி. இதைப் போய் ஃபாக்டரி சாமான்ங்கறேளே.

— அப்போ வில்லை இதுல இல்லே.

— இல்லியா? அப்ப இது நெசமாவே வெள்ளியா சார்? பெருமாளே! முத்தம்மா வெள்ளிலதான் போட்டிருக்கா. சார், அப்ப இத எடுக்க வேணாம்ல? அண்டாலயே போட்டுடலாம்ல?

— போடு. போட்டுடு. ஆனா வில்லை எங்கே? உன் பத்தர் தன்கிட்ட இருந்த வெள்ளில கண்ணு அடிச்சுக் குடுத்துட்டு அதை வெச்சுண்டுட்டான். அது அடிக்க வாகா வந்திருக்காது. நேரா பொன்னேரிக்கு விடறேன். இன்னும் பட்டறைல ஏதாவது டப்பால கெடக்கணும். எதுலயும் சேர்த்திருக்கப்படாது. சேர்த்திருக்க மாட்டான், இல்லே?

— தெரியலயே சார். அப்ப அவருக்கு வேற வேலயே இல்ல. சும்மாதான் குந்திகினு இருந்தாரு. அந்த வாரம் பட்டறைல உங்க பாலாடை ஒண்ணுதான் ஓடிச்சி.

— என்ன சொன்னே?

— சார், நான் பாலாடை வாங்கப் போனப்ப பத்தரு சொன்னாரு. உங்க சாரு குடுத்த வெள்ளி மூக்குக்கு மட்டும் பத்தல, பளிச்சுனு ஒரு துண்டு கைல கெடந்துச்சி, அதுலயே முடிச்சிட்டேன்னு.